ரைடிங் மோவரைத் தண்ணீர் அடித்துக் கழுவலாமா?

புல்தரைக்காரன் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் விளையாட்டு மைதானத்துக்கு உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி ஒன்று செகண்ட் ஹேண்டில் வந்திருக்கிறது. 42 இஞ்ச் டெக் (பிளேடுகளை மூடியிருக்கும் தகட்டுக் கூடு), இரண்டு பிளேடு, சிங்கிள் சிலிண்டர் எஞ்சின், ஆயில் அழுத்தத்தில் சக்கரத்தை ஓட்டும் ஹைட்ரோ கியர். மணி மீட்டர் 310 காட்டுகிறது. கூடவே மேனுவல் வரவில்லை. பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

எஞ்சின் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் குனிந்து பார்த்தால் டெக்கின் அடிப்பக்கம் முழுவதும் காய்ந்த புல் அடை அடையாக ஒட்டிக் கிடக்கிறது. வெட்டிய புல் பக்கவாட்டு வாய் வழியாகச் சீராக விழாமல் கட்டி கட்டியாக விழுகிறது. ஒரு பக்கம் ஒட்ட வெட்டுகிறது, மறு பக்கம் உயரமாக விட்டுவிடுகிறது. பிளேடை ஓட விட்டதும் டெக்கிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வேறு.

வண்டி கழுவும் பிரஷர் வாஷர் எங்களிடம் இருக்கிறது. "மேலிருந்து கீழே வரை ஒரு வாட்டர் வாஷ் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார் கூட வேலை பார்ப்பவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. டெக்கின் மேல் ஹோஸ் மாட்டுவதற்கு என்று ஒரு முனை இருக்கிறது. அப்படியானால் தண்ணீர் விடலாம் என்றுதானே அர்த்தம்? எங்கே விடலாம், எங்கே விடக்கூடாது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேகநடை

பயப்பட ஒன்றுமே இல்லை பாஸ். மழையில் நிற்கிற மெஷின்தானே. நான் ஒவ்வொரு முறையும் பிரஷர் வாஷரில்தான் அடிக்கிறேன். புதுசு மாதிரி மின்னுகிறது. சத்தத்துக்கு பெல்ட்டில் கொஞ்சம் ஆயில் விட்டுப் பாருங்கள்.

கிரீஸ்கன்

பெல்ட்டில் ஆயில் விடாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், யாராவது இதற்குள் ஆயில் கேனைக் கையில் எடுத்திருப்பார்கள். ஆயில் பட்ட பெல்ட் புல்லியில் வழுக்கும், சூடாகும், ரப்பர் கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிடும். அப்புறம் மாற்ற வேண்டியதுதான்.

இந்த மெஷின்களைப் பிரித்து மாட்டுவதுதான் எனக்குத் தொழில். பட்டறைக்கு வருபவற்றைப் பார்த்துச் சொல்கிறேன்: அழுக்கால் கெட்டதும் வரும், கழுவிக் கெட்டதும் வரும். கழுவிக் கெட்டவைதான் பார்க்கப் பளபளவென்று இருக்கும்.

மழையும் பிரஷர் வாஷரும் ஒன்றில்லை. மழைத்துளி மேலே விழுந்து வழிந்து போய்விடும். வாஷரின் தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போகும். ஒவ்வொரு பிளேடுக்கும் மேலே ஒரு ஸ்பிண்டில் (பிளேடைச் சுற்றும் தண்டும் அதன் கூடும்), அதற்குள் இரண்டு பேரிங் இருக்கின்றன. பெரும்பாலும் 6203, 6204 என்று எண் போட்ட சின்ன அளவுதான். அதன் ரப்பர் சீல் தூசியைத் தடுக்கச் செய்தது, பீய்ச்சி அடிக்கிற தண்ணீரைத் தடுக்க இல்லை. உள்ளே போன தண்ணீர் கிரீஸைக் கெடுத்துவிடும், குண்டுகளில் துரு ஏறும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. கொஞ்ச நாள் கழித்துத்தான் சத்தம் வரும், அதற்குள் யாருக்கும் வாட்டர் வாஷ் ஞாபகம் இருக்காது. வேகநடை அவர்களுக்கு இன்னும் அந்த நாள் வரவில்லை, அவ்வளவுதான்.

ஸ்பிண்டில் மட்டுமில்லை. சீட்டுக்கு அடியில் ஒரு சேஃப்டி ஸ்விட்ச், பிரேக் பெடலில் ஒன்று, சாவி துவாரம், ஸ்டார்ட்டர் சோலினாய்டு, பிளேடை ஓட்டும் எலெக்ட்ரிக் கிளட்ச் என்று தண்ணீர் ஆகாத இடங்கள் நிறைய. சீட் ஸ்விட்ச்சின் கனெக்டரில் பச்சை பூத்தால் போதும், ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் பொசுக்கென்று நின்றுவிடும். கார்புரேட்டரைக் கழற்றி, பிளக்கை மாற்றி, எல்லாம் பார்த்த பிறகுதான் மூல காரணம் அந்த ஸ்விட்ச் என்று தெரியவரும். அது போக, சூடான எஞ்சின்மேல் குளிர்ந்த தண்ணீர் அடிப்பது எப்போதுமே கூடாது.

அப்படியானால் எப்படிச் சுத்தம் செய்வது? உலர்வாகத்தான். வேலை முடிந்து எஞ்சின் ஆறியதும் இலை ஊதும் புளோயரையோ, குறைந்த அழுத்தத்தில் கம்ப்ரசர் காற்றையோ எடுத்து மேலிருந்து கீழாக ஊதுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், புல் தூசி கண்ணுக்குப் பொல்லாதது. பெயின்ட் போட்ட பாகங்களை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

எல்லோரும் டெக்கின் அடியைத்தான் பார்ப்பார்கள். நான் முதலில் கழற்றுவது டெக்கின் மேலே இருக்கும் பெல்ட் கவர்களை. இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் அல்லது தகடு மூடி இருக்கும், ஓரிரு ஸ்க்ரூதான். கழற்றிப் பாருங்கள், உள்ளே புல்லி முழுகும் அளவுக்குப் பொடிப்புல் அடைந்திருக்கும். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தகட்டை அரிக்கும். காய்ந்துவிட்டாலோ, பேரிங் சூட்டிலும் பெல்ட் உரசலிலும் தீப்பிடிக்கக்கூடிய சமாசாரம். சைலன்சரைச் சுற்றிச் சேரும் காய்ந்த புல்லும் அப்படித்தான். மோவர் தீப்பிடித்தது என்று கேள்விப்பட்டால், பெட்ரோல் ஒழுகல் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். பல சமயம் காரணம் புல்தான்.

அடுத்தது எஞ்சின். இவை காற்றால் குளிரும் எஞ்சின்கள். மேலே சுற்றும் சல்லடை வழியாக ஃபேன் காற்றை இழுத்து, சிலிண்டரைச் சுற்றியுள்ள இறக்கை போன்ற மெல்லிய தகடுகளுக்கு நடுவே தள்ளும். சல்லடையைத் தாண்டி வந்த பொடிப்புல் அந்தத் தகடுகளின் இடுக்கில் படிந்து, ஆயில் கசிவும் சேர்ந்தால் களிமண்போல் இறுகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. மேல்மூடியைக் கழற்றினால்தான் தெரியும். 100 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது கழற்றிச் சுரண்டி எடுக்க வேண்டும். விட்டுவிட்டால் சிலிண்டரின் ஒரு பக்கம் மட்டும் கொதிக்கும், ஹெட் கேஸ்கட் போகும். உங்கள் மெஷின் 310 மணி ஓடியிருக்கிறது, முன்னால் வைத்திருந்தவர் கழற்றியிருப்பார் என்று நம்பி இருக்காதீர்கள். அப்படியே பின்னால் ஹைட்ரோ கியரின் மேல் ஒரு சின்ன பிளாஸ்டிக் ஃபேன் இருக்கும். அதையும் ஊதி விடுங்கள். அந்த ஆயில் சூடேறினால் மேட்டில் ஏறும்போது வண்டி சோர்ந்துவிடும்.

இன்னொன்று. எஞ்சினுக்கு நல்லது என்று நினைத்துப் பலர் பாதி ஆக்சிலேட்டரில் வெட்டுவார்கள். இந்த எஞ்சின்களுக்கு அது நல்லதில்லை. ஃபேன் மெதுவாகச் சுற்றும், காற்று குறையும், பிளேடு புல்லைத் தூக்கி எறியும் வேகமும் குறையும். நீங்கள் சொன்ன கட்டி கட்டியாக விழும் புல்லுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வெட்டும்போது முழு ஆக்சிலேட்டர், வண்டியின் வேகத்தை மட்டும் பெடலில் குறையுங்கள்.

ஹோஸ் முனை பற்றிக் கேட்டீர்கள். அது டெக்கின் உள்பக்கம் கழுவத்தான். வெட்டி முடித்த கையோடு, புல் பச்சையாக இருக்கும்போது, சமதளத்தில் நிறுத்தி ஹோஸை மாட்டி, சீட்டில் உட்கார்ந்தபடி பிளேடை இரண்டு மூன்று நிமிடம் ஓட விட வேண்டும். ஹோஸ் எதிலும் சிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பக்கத்தில் ஆள் நிற்கக்கூடாது. தண்ணீரை நிறுத்திய பிறகு பிளேடை இன்னும் கொஞ்ச நேரம் சும்மா ஓட்டினால் ஈரம் தெறித்துப் போகும். இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். குழாய்த் தண்ணீரின் அழுத்தம் என்பதால் இதில் ஆபத்து குறைவு. ஆனால் காய்ந்து இறுகிய அடைக்கு இது பயன்படாது. உங்களுடையது அந்த ரகம், டெக்கை இறக்கித்தான் ஆக வேண்டும்.

புல்தரைக்காரன்

அண்ணா, ரொம்ப நன்றி. பெல்ட் கவரைக் கழற்றினேன். நீங்கள் சொன்ன மாதிரியே இடது பக்கப் புல்லி கண்ணுக்கே தெரியவில்லை. உள்ளே ஒரு எலிக்கூடும் இருந்தது, பழைய துணி, பஞ்சு எல்லாம். ஊதியதில் ஒரு பை நிறையக் குப்பை.

இப்போது டெக்கை இறக்க வேண்டும். ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கிவிட்டு, அப்படியே அடியில் புகுந்து சுரண்டினால் போதாதா? டெக்கை இறக்குவது பெரிய வேலையா? பிளேடையும் தீட்ட வேண்டும் போலிருக்கிறது.

கிரீஸ்கன்

ஜாக்கியை நம்பி அடியில் போகவே போகாதீர்கள் தம்பி. தூக்கத்தான் ஜாக்கி, தாங்குவதற்கு ஸ்டாண்டு. ஸ்டாண்டு இல்லையென்றால் தூக்கவே வேண்டாம். டெக்கை இறக்குவது அதைவிடச் சுலபம்.

சாவியை எடுத்துவிட்டு, பிளக் வயரைக் கழற்றி ஓரமாக வையுங்கள். பிளேடைக் கையால் சுற்றினால் எஞ்சினும் சேர்ந்து சுற்ற வாய்ப்புள்ள மெஷின்கள் உண்டு, அதனால் இதில் சமரசம் கிடையாது. டெக்கை அடிமட்டத்துக்கு இறக்குங்கள். பெல்ட் எந்தப் புல்லியை எந்தப் பக்கமாகச் சுற்றிப் போகிறது என்று போனில் நாலைந்து கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு எஞ்சின் புல்லியிலிருந்து பெல்ட்டை நழுவ விட்டு, டெக்கைத் தொங்கவிட்டிருக்கும் பின்களை உருவினால் பக்கவாட்டில் இழுத்துவிடலாம். முன்சக்கரத்தை முழுக்கத் திருப்பி வைத்தால் வழி கிடைக்கும்.

திருப்பிப் போட்டுச் சுரண்டுவதற்கு நான் வைத்திருப்பது பெயின்ட் அடிப்பவர்களின் பட்டித் தகடு ஒன்று, கெட்டி பிளாஸ்டிக் சுரண்டி ஒன்று. உளியும் சுத்தியலும் வேண்டாம். பெயின்ட் பெயரும், பெயர்ந்த இடத்தில்தான் துரு தொடங்கும். ரொம்ப இறுகியிருந்தால் ஈரச்சாக்கை மேலே போட்டு ஊற விடுங்கள், சுலபமாகப் பெயரும். பக்கவாட்டு வாயை ஒட்டிய வளைவிலும் ஸ்பிண்டில் அடியிலும்தான் அதிகம் இருக்கும். ஸ்பிண்டில் தண்டுக்கும் பிளேடுக்கும் நடுவே நைலான் நரம்பு, சணல் கயிறு, பிளாஸ்டிக் நூல் ஏதாவது சுற்றியிருந்தால் ஒன்றுவிடாமல் அறுத்து எடுங்கள். கீழ் சீலைக் கெடுப்பது அதுதான். துருப்பிடித்த இடத்தைக் கம்பிப் பிரஷால் தேய்த்து, பிரைமர் அடித்து, மேலே பெயின்ட் அடியுங்கள். எண்ணெய் பூசினால் புல் ஒட்டாது என்று சிலர் சொல்வார்கள். முதல் வெட்டில் தூசி முழுக்க அதன்மேல் உட்கார்ந்துவிடும்.

பிளேடுக்கு வருவோம். போல்ட்டைக் கழற்றும்போது பிளேடு சுற்றாமல் இருக்க ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுங்கள். கெட்டித் தோல் கையுறை அவசியம். பெரும்பாலும் வழக்கமான மரைதான், ஆனால் சில மெஷின்களில் எதிர்மரை வரும். எவ்வளவு தள்ளினாலும் அசையவில்லையென்றால் பலத்தைக் கூட்டுவதற்கு முன்னால் அதை யோசியுங்கள்.

தீட்டும்போது பழைய கோணத்தையே பிடித்துப் போங்கள், பொதுவாக 30 டிகிரி பக்கம் இருக்கும். மேல்பக்கச் சரிவில் மட்டும் தீட்ட வேண்டும், அடிப்பக்கத்தில் பிசிறு மட்டும் எடுத்தால் போதும். நான் அரத்தையே விரும்புவேன். கிரைண்டர் வைத்தால் விட்டு விட்டுத் தீட்டுங்கள், நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் இரும்பு பதம் இழந்துவிட்டது என்று அர்த்தம். சவரக்கத்தி மாதிரி கூராக்க வேண்டியதில்லை. அவ்வளவு மெல்லிய முனை முதல் கல்லிலேயே மடங்கிவிடும்.

தீட்டியபின் சமநிலை பார்க்காமல் மாட்டாதீர்கள். சுவரில் ஒரு ஆணி அடித்து, பிளேடின் நடுத்துளையை அதில் மாட்டுங்கள். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கம் வெட்டும் விளிம்பைத் தொடாமல், நுனிப்பக்கம் கொஞ்சம் தேயுங்கள். கிடைமட்டமாக நிற்க வேண்டும். இது எதற்கு என்றால், அமெரிக்கத் தரவிதியில் பிளேடு நுனிக்கு அனுமதித்திருக்கும் உச்ச வேகம் நிமிடத்துக்கு 19,000 அடி, அதாவது மணிக்கு ஏறக்குறைய 347 கிலோமீட்டர். பல மெஷின்கள் அதற்குக் கொஞ்சம் கீழேதான் ஓடுகின்றன. அந்த வேகத்தில் ஒரு பக்கம் சில கிராம் கூடினாலும் அதிர்வு முழுவதையும் பேரிங்தான் வாங்கிக்கொள்ளும். நுனியில் விரிசல் இருந்தாலோ, பின்பக்க இறக்கை (புல்லைத் தூக்க மேலே வளைந்திருக்கும் பகுதி) தேய்ந்து தகடு மெலிந்திருந்தாலோ தீட்ட வேண்டாம், மாற்றிவிடுங்கள். வளைந்த பிளேடைத் தட்டி நிமிர்த்துவதும் கூடாது. மாட்டும்போது தூக்கிய இறக்கை டெக்கைப் பார்த்து மேலே இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டிவிட்டுப் "புல் வெட்டவே மாட்டேன் என்கிறது" என்று வருபவர்கள் உண்டு.

ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி வெட்டுவதற்கு டெக்கைத் தொடுவதற்கு முன்னால் டயரில் காற்றைப் பாருங்கள். முன்டயர் 14, பின்டயர் 10 பிஎஸ்ஐ என்பதுதான் பல மெஷின்களில் வழக்கம், உங்கள் டயரில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். ஒரு பின்டயரில் காற்று குறைந்தாலே டெக் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். காற்று சரியென்றால், சமதளத்தில் நிறுத்தி, பிளேடுகளைக் குறுக்காகத் திருப்பி வைத்து, இரண்டு வெளி நுனிகளிலும் தரையிலிருந்து உயரம் அளந்து பாருங்கள். 3 மில்லிமீட்டருக்குள் வித்தியாசம் இருந்தால் போதும். பிறகு நீளவாக்கில் திருப்பி அளந்தால், முன்நுனி பின்நுனியைவிட 3 முதல் 6 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். தொங்கு கம்பியில் உள்ள நட்டில் சரிசெய்யலாம்.

மண்வாசல்

கிரீஸ்கன் அண்ணன் டெக்கைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார். நான் எஞ்சின் பக்கம் நாலு வார்த்தை.

முன்னால் வைத்திருந்தவர் எப்போது மாற்றினார் என்று தெரியாததால் ஆயிலை இப்போதே மாற்றிவிடுங்கள். எஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கிவிட்டு வடித்தால் கசடும் சேர்ந்து வரும். அதன்பின் 50 மணிக்கு ஒரு தடவை. சிங்கிள் சிலிண்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் பிடிக்கும், ஆனால் ஆயில் அளவுக் குச்சியைப் பார்த்துப் பார்த்து ஊற்றுங்கள். கூடினால் வெள்ளைப் புகை கக்கும். வெயில் காலத்துக்கு எஸ்ஏஇ 30 கிரேடு ஆயில் போதும், குளிரிலும் ஸ்டார்ட் செய்ய வேண்டுமென்றால் 10டபிள்யூ-30.

ஏர் ஃபில்டரில் பேப்பரைக் கழுவக்கூடாது, காற்றடிக்கவும் கூடாது. மெதுவாகத் தட்டலாம், கருத்துவிட்டால் மாற்றுவதுதான். மேலே சுற்றியிருக்கும் ஸ்பாஞ்சை மட்டும் சோப்புத் தண்ணீரில் அலசி நன்றாகக் காய வைத்துப் போடுங்கள். பிளக் இடைவெளி பெரும்பாலான எஞ்சின்களுக்கு 0.76 மில்லிமீட்டர்.

பெட்ரோல்தான் பெரிய தலைவலி. ஒரு மாதத்துக்கு மேல் மெஷின் நிற்கப் போகிறதென்றால் பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் கலந்து சில நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள், கார்புரேட்டருக்குள்ளும் அது போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் டேங்க்கைக் காலி செய்துவிடுங்கள். எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் கலந்த பெட்ரோலை இந்த எஞ்சின்களுக்கு ஊற்றக்கூடாது.

பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். முழு சார்ஜில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். எலிக்கூடு இருந்தது என்றீர்களே, எஞ்சின் மேல்மூடியைக் கழற்றும்போது வயர்களையும் தடவிப் பாருங்கள். எலி பஞ்சை மட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாது.

வேகநடை

சரி, சரி. பெல்ட் ஆயில் விஷயத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் கேட்கிறேன், ஸ்பிண்டிலில் கிரீஸ் அடிக்கும் முனை, அதான் கிரீஸ் நிப்பிள், இருக்கிறதே, கழுவியபின் கிரீஸ் அடித்தால் தண்ணீர் வெளியே வந்துவிடாதா?

கிரீஸ்கன்

எல்லா ஸ்பிண்டிலிலும் நிப்பிள் இருக்காது. இருந்தாலும், சில வகைகளில் பேரிங் சீல் போட்டே வரும், நீங்கள் அடிக்கும் கிரீஸ் ஸ்பிண்டில் கூட்டின் காலி இடத்தில்தான் போய் உட்காரும். பேரிங்குக்குள் போன தண்ணீர் அங்கேயேதான் இருக்கும். நிப்பிள் உள்ளவற்றுக்கு 25 மணிக்கு ஒரு தடவை ஓரிரு பம்ப் போதும். பிதுங்கும்வரை அடித்தால் சீல்தான் வெளியே வரும். முன்சக்கரத்துக்கும் ஆக்ஸிலுக்கும் தாராளமாக அடியுங்கள், அங்கே பழைய கிரீஸ் பிதுங்கி வந்தால் நல்லதுதான்.

புல்தரைக்காரன்

டெக்கைச் சுரண்டி முடித்துவிட்டேன். ஒரு மூலையில் மட்டும் துரு, ஓட்டை விழவில்லை. எலி ஒரு வயரின் தோலைக் கடித்திருந்தது, டேப் சுற்றியிருக்கிறேன். பிளேடு இரண்டையும் ஆணியில் தொங்கவிட்டுச் சரி பார்த்தாயிற்று. சத்தம்தான் இன்னும் புரியவில்லை. எந்த பேரிங் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கிரீஸ்கன்

டேப்பைவிட, வெட்டிச் சேர்த்து, சூடாக்கினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுவது நல்லது. அதிர்வில் டேப் கழன்றுவிடும்.

டெக் கழன்றுதானே இருக்கிறது, நல்ல நேரம். பெல்ட்டை முழுக்க எடுத்துவிட்டு ஒவ்வொரு ஸ்பிண்டிலையும் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். நல்ல பேரிங் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். கெட்டது விரலுக்கே தெரியும், மணல் அரைபடுவது போல் ஒரு உறுத்தல். அப்புறம் பிளேடு நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருக்கக்கூடாது. ஸ்பிண்டிலோடு நிறுத்திவிடாமல், பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் ஐட்லர் புல்லியையும் சுற்றிப் பாருங்கள். பாதி நேரம் குற்றவாளி அதுதான், விலையும் குறைவு.

எல்லாமே சரியாக இருந்தால், டெக்கை மாட்டியபின் எலெக்ட்ரிக் கிளட்ச்சைக் கவனியுங்கள். பிளேடை நிறுத்தியிருக்கும்போது சத்தம் வந்து, பிளேடை ஓட விட்டதும் அடங்கினால் அது கிளட்ச் பேரிங். உங்களுக்கு நேர்மாறாக வருவதால் அது இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

புல்தரைக்காரன்

இடது ஸ்பிண்டில்தான் அண்ணா. அதே மணல் உறுத்தல். எலிக்கூடு இருந்த பக்கம். ஐட்லர் வழுவழுவென்று சுற்றுகிறது. முழு ஸ்பிண்டிலையும் மாற்றவா, பேரிங் மட்டும் போதுமா?

கிரீஸ்கன்

தண்டு வளையாமல், கூட்டில் விரிசல் இல்லாமல் இருந்தால் பேரிங் மட்டும் போதும். இரண்டு பேரிங்கையும் சேர்த்து மாற்றுங்கள், மேலே உள்ளது நன்றாகச் சுற்றினாலும் சரி. அளவு எண் பேரிங்கின் ஓரத்திலேயே பொறித்திருக்கும், இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கூட்டுக்குள் இறக்கும்போது வெளி வளையத்தில் மட்டும் அழுத்தம் கொடுங்கள், அதே அகலமுள்ள பாக்ஸ் சாக்கெட் ஒன்றை வைத்துத் தட்டலாம். உள் வளையத்தில் தட்டினால் மாட்டும்போதே கெடுத்த மாதிரி.

பழையதைத் தட்டி எடுக்கும்போது இரண்டு பேரிங்குக்கும் நடுவிலிருந்து ஒரு குழாய்த் துண்டு விழும். அதுதான் ஸ்பேசர். குப்பையோடு கூட்டிவிடாமல் எடுத்து வையுங்கள். அது இல்லாமல் போல்ட்டை முறுக்கினால் புதுப் பேரிங் இரண்டும் நெரிபட்டு, இதே சத்தம் திரும்ப வரும்.